சிவப்பு மருந்தும் இதயமும்

ஆலங்குளம், சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குச் செல்லும் பெண்கள் பலர். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவையும் மருந்தும் முடித்து வேலைக்குத் திரும்பிய ஒருத்திக்கு, குடத்தைத் தூக்கி நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலையில் கணுக்கால் வீங்குகிறது. "உடம்பில் சத்தில்லை" என்பார்கள் வீட்டார். ஆலைத் தூசியின் மேலும் பழி போகும். இதயத்தை நினைப்பவர் குறைவு.

புற்றுநோய்க்கான மருந்து இதயத்தை ஏன் தாக்க வேண்டும்? டாக்சோருபிசின் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். மண்ணில் வாழும் ஒருவகை ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிலிருந்து 1960களில் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டெடுத்தது இது. செக்கச் செவேலென்றிருக்கும், ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீரும் சிவக்கும். பிளவுறும் செல்களின் டி.என்.ஏ. இழையை இது குலைக்கிறது. புற்றுச் செல்கள் ஓயாமல் பிளவுறுபவை; ஆகவே மடிகின்றன. தலைமுடி உதிர்வதும் இதனால்தான்.

இதயத் தசைச் செல்கள் பிளவுறுவதோ மிக அரிது. அப்படியானால் அவை தப்ப வேண்டுமல்லவா? தப்புவதில்லை. இம்மருந்து செல்லுக்குள் தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கி, ஆற்றல் உலைகளான மைட்டோகாண்ட்ரியாக்களைச் சிதைக்கிறது. உதிர்ந்த முடி மீண்டும் முளைக்கும். மடிந்த இதயச் செல்லுக்கு ஈடு வருவது அருமை. இதனாலேயே உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் என்று வாழ்நாள் வரம்பு வகுத்திருக்கிறார்கள். வரம்புக்குள் இருந்தும் சிலருக்கு ஆண்டுகள் கழித்து இதயம் தளரக்கூடும்.

1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் மருந்தும் சிலருக்கு இதயத்தின் இறைக்கும் வலிமையைக் குறைக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும். இடப்பக்க மார்பில் கதிர்வீச்சு தரும்போது, மூச்சை ஆழ இழுத்து நிறுத்தச் சொல்வதுண்டு. நுரையீரல் விரிய, இதயம் மார்புச் சுவரைவிட்டுச் சற்று விலகி நிற்கும். எளிய உபாயம்தான், பலன் பெரிது.

இத்தனையும் தாங்கிய இதயத்தின்மேல் மன இறுக்கமும் ஏறுகிறது. எண்ணிக்கைக்குக் கூலி, வைத்தியக் கடன், ஒவ்வொரு பரிசோதனையின்போதும் "திரும்ப வந்துவிட்டதோ" என்ற அச்சம். வெடி விபத்துச் செய்தி வந்தால் ஊரே பதைக்கும். அச்சத்தில் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரந்து, துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. அச்சம் நீடித்தால் அழுத்தமும் நீடிக்கிறது. மூளையில் அச்சத்தை ஆளும் அமிக்டலா பகுதி மிகையாக இயங்குவோருக்கு இரத்தக் குழாய்களில் அழற்சியும் மிகுந்திருந்ததை 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வெள்ளையரைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது. இறப்போ ஏறத்தாழ 40 விழுக்காடு மிகுதி. நோயின் வகை, தாமதமான சிகிச்சை, வறுமை, இனப் பாகுபாடு எல்லாம் இதில் சேரும். இதயநோயுள்ள கறுப்பினத்தவர் 201 பேரை ஐந்தாண்டுகளுக்கு மேல் கவனித்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. தியானம் பழகிய பிரிவில் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை 20 பேருக்கு நேர்ந்தன. நலக்கல்வி மட்டும் பெற்ற பிரிவில் 32 பேருக்கு. இவர்கள் புற்றுநோயாளிகள் அல்லர், ஆய்வும் சிறியது. ஆகவே தியானத்தை மருந்துக்கு மாற்றாகக் கொள்ள இதில் இடமில்லை. 2014இல் வெளியான ஒஹாயோ ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது: மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 200 பெண்களில் 12 வாரம் யோகா பழகியோருக்கு அசதியும், இரத்தத்தில் அழற்சிக் குறிகளும் குறைந்தன.

நிமிடத்துக்கு ஆறு என்ற அளவில் மெதுவாக மூச்சுவிட்டால் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். இதற்குக் காசு வேண்டாம், பாயும் வேண்டாம்; ஆனால் வீட்டில் பத்து நிமிடம் அவளைத் தனியே விட வேண்டும். பல வீடுகளில் அதுதான் கிடைப்பதில்லை!

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்க்கப்படுகின்றன. பார்க்க வருபவரிடம் சிவப்பு மருந்து ஏற்றிக்கொண்டதையும், மூச்சு வாங்குவதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எத்தனை முறை, எவ்வளவு மில்லிகிராம் என்பது மருத்துவமனைச் சீட்டில் இருக்கும். இதய எக்கோ பரிசோதனை தேவையா என்று முடிவுசெய்ய மருத்துவர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.