தகப்பனை நினைக்கும் நாளும் வெற்றிலைத் தட்டமும்



புற்றுநோயினால் தகப்பனை இழந்த வீடுகள் நம் லயங்களில் பல உண்டு. அப்படியான வீடுகளுக்குப் போகும்போது, "ஐயா, அப்பாவுக்கு நாங்க என்னதான் செய்யிறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதினாறாம் நாள் கருமாதி, வருடத் திதி, படையல் எல்லாம் செய்திருப்பார்கள். ஆனாலும் மனசு ஆறாது. அதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன்.

எனது ஊர் மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள குருக்கள்மடம். எனது அப்பாவும் வாய்ப் புற்றுநோயினால்தான் காலமானார். அவர் எழுவான்கரையில் குடியிருந்து, துறையால் அம்பிலாந்துறைக்குக் கடந்து, படுவான்கரையில் வயல் செய்தவர். ஓய்வான நேரத்தில் வாவியில் வீச்சுவலை வீசுவார். தோணிக்குக் காத்திருக்கும்போதும் வரம்பில் குந்தும்போதும் வாயில் வெற்றிலை இருக்கும். எங்களூருக்குக் கிட்ட இருக்கும் களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன ஊர். வீட்டுக்கு வந்த ஆளுக்கு வெற்றிலைத் தட்டம் நீட்டாவிட்டால் மரியாதை இல்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மலையிலும் அப்படித்தானே? குளிருக்கு ஒரு வாய், பசிக்கு ஒரு வாய், கொழுந்து நிறுக்கும் வரைக்கும் ஒரு வாய்.

நோய் எப்படி வருகிறது?

பலர் புகையிலையை மட்டும் குற்றம் சொல்வார்கள். "நான் பொகையில போடுறதில்ல, வெறும் பாக்குத்தான்" என்பார்கள். இது பாதி உண்மைதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985 இல் அறிவித்தது. 2004 இல் வெளியான அதன் அறிக்கையோ, புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சொல்கிறது. நம் நாட்டு ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. புகைத்தலும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

பாக்கின் சத்தும் சுண்ணாம்பின் காரமும் வாயின் உள்தோலை நாளுக்கு நாள் புண்ணாக்குகின்றன. சிலருக்கு அந்தத் தோல் தடித்து இறுகிவிடும். வாய் முழுதாகத் திறக்காது, உறைப்புச் சாப்பிட்டால் எரியும். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விட்டுப் பாருங்கள். போகாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வலி இல்லை என்று இருக்க வேண்டாம்

இந்த நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. எனது அப்பாவும், "இது சும்மா வாய்ப்புண் மனே, தேங்காய்ப்பால் குடிச்சா ஆறிடும்" என்றுதான் சொன்னார். வலி வந்தபோது நோய் கழுத்துக் கட்டி வரை போயிருந்தது. இரவு பஸ்ஸில் மகரகமைக்குப் பல தடவை போய் வந்தோம். ஒருநாளும் அவர் முகம் சுளிக்கவில்லை. பேச முடியாமல் போன பிறகும், பக்கத்துக் கட்டில்காரருக்குத் தண்ணீர் கொடுக்கும்படி எனக்குக் கையால் காட்டுவார். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதற்கு அது ஒன்றே போதும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள்:

– இரண்டு வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்
– நாக்கு, கன்னத்தின் உள்பக்கம், முரசு ஆகியவற்றில் வெள்ளை அல்லது சிவப்புப் படை
– வாயிலோ கழுத்திலோ கட்டி
– காரணமில்லாமல் ஆடும் பல்
– விழுங்கக் கஷ்டம்

முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். அங்கிருந்து அரச வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் போகலாம். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையும், மகரகமை அபேக்ஷா வைத்தியசாலையும் இந்த நோயைப் பார்க்கும் இடங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. "கத்தி வச்சா பரவிடும்" என்று சிலர் பயப்படுத்துவார்கள். அது சரியல்ல. சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதித்தால்தான் நோய் எதுவென்று தெரியும். இது தொற்றுநோயும் அல்ல. நோயாளிக்குத் தட்டைத் தள்ளி வைத்து மனதை நோகடிக்க வேண்டாம்.

நினைப்பது எப்படி?

கிழக்கில் தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசை விரதம் இருப்பார்கள். தாய் இல்லாதவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்குச் சனம் திரண்டு வரும். அன்று அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்போம். முதல் வருடம் வெற்றிலைத் தட்டம் வைக்கும்போது ஒரு கேள்வி எழுந்தது. அப்பாவுக்குப் பிடித்தது, வைக்காமல் விடலாமா? அம்மாதான் சொன்னார்: "வெத்திலையும் பாக்கும் சாமிக்கு வைக்கிற மரியாதை, அது இருக்கட்டும். பொயிலை வேணாம். படைச்சதை ஒருத்தரும் வாயில போடவும் வேணாம்." அன்று முதல் எங்கள் வீட்டில் அதுதான் முறை. மரியாதை கையோடு நிற்கலாம், வாய்க்குள் போக வேண்டியதில்லை.

பிள்ளைகளிடம், "தாத்தா தூங்குறார், வெளியூர் போயிட்டார்" என்று சொல்லாதீர்கள். தாத்தாவுக்கு நோய் வந்தது, இறந்துவிட்டார் என்று மெதுவாகச் சொல்லுங்கள். அவர் செய்த வேலை, சொன்ன கதை, நட்ட மரம் எல்லாவற்றையும் பேசுங்கள். அழுகை வந்தால் அழட்டும். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று அடக்க வேண்டாம்.

கடன் பட்டுக் கருமாதி செய்வதால் செத்தவருக்குப் பெருமை இல்லை, இருப்பவருக்குத்தான் பாரம். இறந்தவர் தோட்டத்தில் வேலை செய்தவராயின், மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம் ஆகியவற்றை விசாரியுங்கள். அது அவர் உழைத்த காசு. உதவிக்கு நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள்.

புகையிலை கலந்த பாக்குப் பொட்டலங்களின் விற்பனை 2016 இல் தடை செய்யப்பட்டது. ஆனால் மடியில் இருக்கும் வெற்றிலைப் பையைச் சட்டம் வந்து அவிழ்க்காது. அதை நாமேதான் செய்ய வேண்டும். ஒரே நாளில் விட முடியாதவர்கள் முதலில் புகையிலையை விடுங்கள், பிறகு பாக்கை. பிள்ளைகளுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்த திதியன்று விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு, வீட்டில் வெற்றிலை போடும் ஒவ்வொருவரையும் வெளிச்சத்தில் இருத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். தகப்பன் பேரால் இன்னொரு தகப்பனைக் காப்பாற்ற முடிந்தால், அதைவிடப் பெரிய படையல் வேறில்லை.