சுண்ணாம்பு பட்ட கண்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் பொங்கல் வெள்ளையடிப்புக்கு வீட்டிலேயே சுண்ணாம்பு நீற்றிய காலம் உண்டு. பானையிலிருந்து தெறித்த துளி, எட்டிப் பார்த்த பிள்ளையின் கண்ணில் விழும். விளக்கெண்ணெய் விடுவார்கள், தாய்ப்பால் பீய்ச்சுவார்கள். சில வாரத்தில் கருவிழி வெளுக்கும். ‘பூ விழுந்துடுச்சு’ என்பார்கள், அதோடு சரி.

அன்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் விடிவில்லை. தானமாக வந்த கருவிழியைத் தைத்தாலும் அதுவும் மங்கிவிடும். கருவிழியின் மேல்படலத்தைப் புதுப்பிக்கும் தண்டு செல்கள் இருப்பது அதன் ஓரத்தில், வெள்ளைவிழியோடு சேரும் இடத்தில். சுண்ணாம்பின் காரம் செல்லின் கொழுப்பைக் கரைத்து ஆழமாக இறங்கி அந்த ஓரத்தையே பொசுக்கிவிடுகிறது. உவர் ஏறிய நிலத்தில் நாற்று நட்டது போலத்தான்.

இன்று சுவருக்கு பெயின்ட் வந்துவிட்டது. சுண்ணாம்போ வெற்றிலைக்கான பாக்கெட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டுகிறது. பிதுக்கினால் முகத்தில் பீறிடும் இந்தப் பாக்கெட்டுகளைப் பற்றி இந்திய மருத்துவர்கள் 2003லேயே ‘லான்செட்’ இதழில் எச்சரித்தார்கள். கண்ணில் பட்டதும் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அரை மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்றி, இமையைப் புரட்டித் துகளை அகற்ற உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அங்கே காயம் கடுமையாக இருந்தால் பனிக்குடச் சவ்வைப் போர்த்துகிறார்கள். சிசேரியன் பிரசவத்தில் தாயின் சம்மதத்தோடு எடுத்து, கிருமிச் சோதனை முடித்து, உறையவைத்த சவ்வு அது. 1940களில் இங்கிலாந்தில் மருத்துவர் சார்ஸ்பி தொடங்கிய இந்த வைத்தியம் வெகுகாலம் மறந்துகிடந்து, 1995இல் கிம், செங் இருவரும் முயல்களில் செய்த ஆய்வுக்குப் பின் உயிர்பெற்றது.

ஓரம் அழிந்த கண்ணுக்கு ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை வழி கண்டது. முதலில் தண்டு செல்லை ஆய்வகத்தில் வளர்த்து ஒட்டினார்கள், செலவு அதிகம். அங்கே விரேந்தர் சங்வான் குழு 2012இல் வெளியிட்ட முறைக்கு ஆய்வகமே வேண்டாம். நல்ல கண்ணின் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் திசு எடுத்து, எட்டுப் பத்துத் துணுக்காக்கி, பனிக்குடச் சவ்வின்மேல் பசையால் ஒட்டுகிறார்கள். செல்கள் கண்ணிலேயே வளர்கின்றன. 2016இல் வந்த ஆய்வில் 125 பேரில் 76 சதவீதத்தினருக்குப் பலித்திருக்கிறது. ஏழைக்கு எட்டுகிற வைத்தியம் என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இரண்டு கண்ணும் போனவர்களுக்கு உறவினரின் திசு உண்டு. ஆனால் உடல் அதை ஒதுக்காமலிருக்கத் தொடர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். அதுவும் ஆகாதவர்களுக்குச் சென்னை சங்கர நேத்ராலயாவில் 2003 முதல், நோயாளியின் சொந்தப் பல்லை எலும்போடு அறுத்து, லென்ஸ் உருளை பொருத்தி, சில மாதம் தோலுக்கடியில் வைத்திருந்து கண்ணில் பதிக்கிறார்கள். வளரும் பிள்ளைகளுக்கு இதைச் செய்வதில்லை.