முகம் பார்க்கக் கற்றுத் தந்த படங்கள்

"இதென்ன படம், ஆமை நகர்ற மாதிரி! ஒரு பாட்டு இல்லே, ஒரு சண்டை இல்லே. ஒரு வீட்டைக் கட்டறதையா இரண்டு மணி நேரம் காட்டுவாங்க?"

இப்படிச் சொல்லிவிட்டு என் கணவர் எழுந்து போய்விட்டார். நானும் என் மாமியாரும் மட்டும் உட்கார்ந்து 'வீடு' படத்தை முடித்தோம். படம் முடிந்தும் அத்தை வெகு நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "இந்த வீட்டைக் கட்டினப்போ உங்க மாமா ராத்திரியெல்லாம் திண்ணையிலே உட்கார்ந்திருப்பார். கடன்காரன் வந்துடுவானோன்னு பயம்" என்றார். நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக இந்தச் சங்கதி என் காதில் விழுந்தது!

சகோதரிகளே, 'ஆர்ட் படம்' என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. அது படித்தவர்கள் பார்ப்பது, நமக்கெல்லாம் புரியாது என்று ஒதுங்கி விடுகிறோம். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். எனக்கே புரிகிறது என்றால் உங்களுக்கு ஏன் புரியாது?

நான் பிறந்து வளர்ந்தது கடலூர் மஞ்சக்குப்பம். எண்பதுகளின் கடைசியில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாநில மொழிப் படங்கள் போடுவார்கள். ஒரு வாரம் வங்காளம், ஒரு வாரம் கன்னடம். ஒரு வார்த்தை புரியாது. கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தும் புரியாது. நாங்கள் விளையாட ஓடிவிடுவோம். அம்மா மட்டும் பக்கத்து வீட்டு டி.வி. முன்னால், முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கியபடி உட்கார்ந்திருப்பார்.

"பாஷை தெரியாம என்னம்மா பார்க்கறே?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"முகத்தைப் பார்க்கறேன். முகத்துக்கு ஏதுடி பாஷை?" என்றார்.

அந்தப் பதில் எனக்கு விளங்க முப்பது வருஷம் ஆயிற்று.

பாலு மகேந்திராவின் 'வீடு' 1988-ல் வந்தது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில், சுதா என்ற வேலை பார்க்கும் பெண், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு ஒரு சின்ன வீடு கட்டப் புறப்படுகிறாள். மனை விற்பது, கடன் வாங்குவது, காண்ட்ராக்டர் ஏமாற்றுவது என்று நம் தெருவில் நடப்பதுதான் கதை. பாட்டே கிடையாது. சுதாவாக வரும் அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அவர் நடித்த மாதிரியே தெரியவில்லை. மாசக் கடைசியில் கையில் இருக்கும் பணத்தை எண்ணிப் பார்க்கும்போது நம் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறார், அவ்வளவுதான்!

தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பழைய நாடக மேடைக்காரர். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாகப் போவார் அந்தத் தாத்தா. சுவரைத் தடவிப் பார்ப்பார். பெரிய வசனம் ஒன்றும் இல்லை. அந்தப் பயணமே அவருக்குக் கடைசியாகி விடுகிறது. அத்தைக்கு மாமாவின் நினைவு வந்தது அந்த இடத்தில்தான். வசனம் இருந்திருந்தால் வந்திருக்குமோ என்னவோ!

என் மகள் சிதம்பரத்தில் படிக்கிறாள். 1981 முதல் அங்கே மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடந்து வருவது உங்களுக்குத் தெரியும். ஒரு வருஷம் அவளோடு போயிருந்தேன். கூட்டத்தில் பின்னால்தான் இடம் கிடைத்தது. ஆடிய பெண்ணின் கையும் காலும் தெரிந்தன, முகம் தெரியவில்லை. யசோதையாக அபிநயம் பிடித்தபோது முன் வரிசைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல படம் நம்மை அந்த முன் வரிசைக்குக் கூட்டிப் போகிறது. காமிரா பக்கத்தில் போய் அவசரப்படாமல் நிற்கிறது. அதைத்தான் நாம் 'ஸ்லோ' என்று சலித்துக் கொள்கிறோம்.

இனி எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் ஜெயகாந்தன் 1934-ல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். 'உன்னைப்போல் ஒருவன்' என்ற தம் கதையைத் தாமே 1965-ல் படமாக்கியவர். 1966-ல் அவர் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை எழுதினார். மழை நாளில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிச் சென்று கெடுத்து விடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் பதறினாலும், பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, 'நீ சுத்தமாகி விட்டாய்' என்று அணைத்துக் கொள்கிறாள். அந்தக் காலத்தில் இந்தக் கதை கிளப்பிய புயல் கொஞ்சமல்ல!

சரி, அந்த அம்மா அப்படி அணைக்காமல் கத்தித் தெருவைக் கூட்டியிருந்தால்? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். 1972-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. ஏ. பீம்சிங் இயக்க 1977-ல் படமாக வந்தது. கங்காவாக லட்சுமி. தமிழ்ப் படம் ஒன்றுக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வந்தது அதுவே முதல் தடவை. மருண்டு நிற்கும் கல்லூரிப் பெண்ணும் அவரே. வருஷங்கள் கழித்து யாரையும் கிட்டே அண்டவிடாத உத்தியோகஸ்தியும் அவரே. வில்லனாகவே பார்த்துப் பழகிய ஸ்ரீகாந்த், இதில் பலவீனமான ஒரு சாதாரண மனுஷனாக வருகிறார். நம்மைச் சிரிக்க வைத்தே பழகிய நாகேஷ், எழுத்தாளராக அடக்கி வாசித்திருக்கிறார்.

என்னை உலுக்கியது அம்மாவாக வரும் சுந்தரிபாய். அவர் போடும் கூச்சலில் மகள் வாழ்க்கையே திசை மாறிவிடுகிறது. அண்ணன் வீட்டை விட்டே துரத்துகிறான். ஆனால் அந்த அம்மா கெட்டவள் இல்லை. பயந்தவள். பயத்தில் வாய் முந்திக் கொள்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தபோது, 'இது நான்தானே' என்று சுருக்கென்றது.

படம் பார்த்து இரண்டு மாசம் இருக்கும். ஐப்பசி மழை கொட்டுகிறது. ஆறு மணிக்கு வர வேண்டிய மகள் எட்டரை வரை வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து கால் ஓய்ந்து விட்டது. சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றாள். "எங்கேடி போயிருந்தே இவ்வளவு நேரம்? நாலு பேர் என்ன..." என்று வாய் வரை வந்து விட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். அம்மா சொன்ன மாதிரி, முகத்தை மட்டும் பார்த்தேன். சுந்தரிபாயின் கூச்சல் காதில் கேட்டது. வாயை மூடிக்கொண்டு டவலை எடுத்துத் தலையைத் துவட்டி விட்டேன். சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாதிக் காபியில் அவளே சொன்னாள். பஸ் நெரிசலில் ஒருவன் தகாத முறையில் நடந்திருக்கிறான். பயந்து, புதுச்சத்திரத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்காக மழையில் நின்றிருக்கிறாள். "நீ திட்டுவியோன்னுதாம்மா போன் எடுக்கலே" என்றாள். அந்த வார்த்தை இன்னமும் என்னை அறுக்கிறது.

"உன் மேல ஒரு தப்பும் இல்லே கண்ணு" என்றேன். கதையில் வரும் அம்மா யாருக்கும் தெரியக் கூடாது என்று மூடி வைத்தாள். அந்தக் காலம் அப்படி. நாங்கள் மூடவில்லை. அவள் சம்மதத்தோடு அப்பாவிடம் சொன்னோம். 181 என்ற மகளிர் உதவி எண்ணை மூன்று பேர் போனிலும் பதிந்து வைத்தோம். மறுநாள் அவள் வழக்கம்போல் கிளம்பிப் போனாள்.

அடுத்த ஞாயிறு இருவரும் அந்தப் படத்தைச் சேர்ந்து பார்த்தோம். "பாவம்மா அந்த அம்மா, கத்தறதைத் தவிர அவங்களுக்கு வேற வழி தெரியலே" என்றாள் மகள். எனக்குச் சொன்னாளோ, படத்துக்குச் சொன்னாளோ!

இப்படிப்பட்ட படங்களை ரசிக்க எனக்குத் தெரிந்த சில யோசனைகள்:

* அடுப்பு வேலையை முடித்துவிட்டு உட்காருங்கள். சமைத்துக்கொண்டே காதால் கேட்கிற படங்கள் அல்ல இவை.

* முதல் அரை மணி பொறுத்துக் கொள்ளுங்கள். புது வீட்டுக்குப் போனால் மனுஷர் பழகக் கொஞ்ச நேரம் ஆகாதா?

* பேசுகிறவரை விட, கேட்டுக்கொண்டு நிற்கிறவரின் முகத்தைக் கவனியுங்கள். நல்ல நடிப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

* தனியாகப் பார்க்காதீர்கள். மாமியாரோ, வயது வந்த மகளோ பக்கத்தில் இருக்கட்டும். முடிந்ததும் உடனே 'எப்படி இருந்தது?' என்று கேட்காமல் கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள். பேச்சு தானே வரும்.

போன வாரம் 'சந்தியா ராகம்' பார்த்தோம். 1989-ல் வந்த பாலு மகேந்திரா படம், அதிலும் சொக்கலிங்க பாகவதர்தான். "இன்னுமா முடியலே?" என்று கேட்டபடியே வந்த என் கணவர் கதவோரம் நின்றார். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்! நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்துக் கொண்டேன்.