குனிந்தால் ஓடும் ஜீவன்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோர ஊரான கோட்டைப்பட்டினத்தைப் போல, மீன் வந்து இறங்கும் கரையில் நாய்கள் இல்லாமல் இருக்குமா? மீன் மேல் ஒரு கண். மனிதன் கை மேல் ஒரு கண். விழுந்த சில்லறையை எடுக்க யாராவது குனிந்தால் போதும், பிடிக்கும் ஓட்டம்! குனிகிற மனிதன் கல்லைத்தான் எடுப்பான் என்பது தெரு நாயின் அனுபவ ஞானம்.

இப்படிப்பட்ட நாய் ஒன்று அடிபட்டுப் பிராணிகள் காப்பகத்துக்கு வந்தால், வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் முடங்கும். ஆள் நகர்ந்த பிறகே சோற்றைத் தொடும். "இதை யார் வளர்ப்பது?" என்று தோன்றும். ஆனால் வளர்க்கலாம், நம் வீட்டிலேயே வளர்க்கலாம்.

அமெரிக்க விஞ்ஞானிகளான ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. சுமார் 3-வது வாரத்திலிருந்து 12-வது வாரம் வரை மனிதரோடு பழகும் குட்டிக்கே மனிதரிடம் எளிதில் பயம் தெளிகிறது. அந்த நாட்களில் கல்லையும் கழியையுமே கண்ட குட்டி, பெரிதான பின்பும் நடுங்குவதில் வியப்பென்ன?

சென்னையில் 1959-ல் கேப்டன் வி. சுந்தரமும், விமானம் ஓட்டிப் புகழ் பெற்ற அவர் மனைவி உஷா சுந்தரமும் புளூ கிராஸ் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். தெரு நாய்களைக் கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து தடுப்பூசி போடுங்கள் என்று சங்கம் 1964-லேயே சொன்னது. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல். முப்பத்திரண்டு வருஷப் பொறுமை!

பயந்த நாய்க்கும் பொறுமைதான் மருந்து. தினமும் ஒரே நேரத்தில் ஒருவர் வந்து, அதை உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார வேண்டும். ஒரு துண்டு உணவை எட்டப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். நாளாக ஆகத் தூரம் குறையும். ஒரு நாள் அதுவாகவே வந்து கையை முகரும். அப்போதும் தலைக்கு மேல் கையைக் கொண்டு போகாதீர்கள், மார்பைத் தடவுங்கள்.

வீட்டுக்கு வர அது தயார் என்று எப்படி அறிவது? வால் தளர்ந்து ஆடும். ஆள் இருக்கும்போதே சாப்பிடும். கழுத்துப் பட்டைக்கு இணங்கும். முக்கியமாக, நீங்கள் குனிந்தாலும் ஓடாது.

அழைத்து வந்த பிறகு கவனிக்க வேண்டியவை சில:

புது வீட்டில் பழைய பயம் சற்றே தலைகாட்டும். அமைதியான ஒரு மூலை, பழைய போர்வை, தண்ணீர் போதும். உறவினரைக் கூட்டி வேடிக்கை காட்ட வேண்டாம். அது உண்ணும்போதும் உறங்கும்போதும் குழந்தைகள் தொடக் கூடாது. தீபாவளி வெடிச் சத்தத்தில் ஓடிவிடும்; கதவு ஜாக்கிரதை! டாக்டர் சொல்லும் முறைப்படி வெறிநோய்த் தடுப்பூசி தவறக் கூடாது. எந்த நாய் கடித்தாலும் கீறினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஒரு வாரத்தில் சலித்துத் திருப்பி அனுப்புவதானால் அழைத்து வரவே வேண்டாம். ஒரு முறை மனிதரை நம்பி ஏமாந்த நாயை மூலையிலிருந்து மறுபடி எழுப்புவது மகா கஷ்டம். அழைத்து வருமுன் வீட்டார் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள், அவசரம் வேண்டாம். இத்தனை நாள் காத்திருந்த ஜீவன், இன்னும் ஒரு வாரம் காத்திருக்காதா?