ஒலிபெருக்கியில் குழம்பு கொட்டிவிட்டதா? துடைக்க ஓடாதீர்கள்!



தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு என்று வந்துவிட்டால் வரவேற்பறையில் அதிகம் பாடுபடுவது ஒலிபெருக்கிதான். காலையிலிருந்து பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். தட்டு வைக்க இடமில்லாத விருந்தினர் அதன் தலையிலேயே தட்டை வைப்பார். பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். பிறகு என்ன? கோழிக் குழம்போ சிரப் பண்டோங்கோ அதன் முகத்தில் வழியும். உடனே யாராவது ஈரத் துணியோடு ஓடி வந்து அழுத்தித் துடைப்பார்கள். கெடுதல் பெரும்பாலும் அந்தத் துடைப்பில்தான் தொடங்குகிறது.

துணியைத் தேடும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். இன்று பல ஒலிபெருக்கிகளுக்கு உள்ளேயே மின்னிணைப்பு இருக்கிறது. சுவர் சுவிட்சை அடைத்து, உலர்ந்த கையால் பிளக்கைக் கழற்ற வேண்டும். பிளக்கோ அது செருகியிருக்கும் இடமோ நனைந்திருந்தால் அதைத் தொடவே கூடாது. நேராகப் போய் வீட்டின் மெயின் சுவிட்சை அடையுங்கள். தனி ஆம்ப்ளிபயரில் ஓடும் பழைய வகைப் பெட்டியாக இருந்தால் ஆம்ப்ளிபயரை அடைப்பது அவசியம். பின்புற இணைப்பில் ஈரம் பட்டு இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று இணைந்துவிட்டால் ஆம்ப்ளிபயரும் பழுதாகக்கூடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் குழந்தைகளை முதலில் அப்பால் அனுப்பிவிடுங்கள், பெட்டி பிறகு.

அடுத்து, வலைத் துணி பொருத்திய முன்சட்டம். பெரும்பாலும் நான்கு மூலைகளிலும் மெதுவாக இழுத்தால் கழன்று வரும். குழம்பை அதுவே பிடித்து வைத்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்! சாதாரணத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, கையால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், துணியைச் சட்டத்தில் ஒட்டிய பசை இளகிவிடும். மஞ்சள் கறைக்குச் சோடா மாவையோ சலவைச் சவர்க்காரத்தையோ தேய்த்தால் கறை சிவந்து போகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேரும்போது நடக்கும் அதே மாற்றம்தான். மஞ்சள் வெயிலில் வெளுக்கும் என்பது உண்மை. ஆனால் கறுப்புத் துணியும் சேர்ந்து வெளுக்குமே, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே தெரிகிற கூம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பல ஒலிபெருக்கிகளில் அது காகிதக் கூழால் ஆனது. அதன் பின்னால் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று, காந்தத்தின் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவுதான் நாம் கேட்கும் பாட்டு. ஈரமான காகிதத்தை அழுத்தித் துடைத்தால் கூழ் பிரிந்து வரும். நடுவில் உள்ள குமிழை அழுத்தினால் அது உள்ளே அமுங்கிவிடும். ஈரம் உள்நோக்கி வழிந்தால், அதிலுள்ள சீனி அந்த இடைவெளியில் காய்ந்து இறுகி, கம்பிச்சுருளை உரசும். இத்தனையும் நாம் நல்லெண்ணத்தோடு செய்யும் வேலை!

ஆகவே பெட்டியை முன்பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். திரவம் உள்ளே போகாமல் வெளியே வடியட்டும். பிறகு டிஷ்யூ காகிதத்தை மேலே வைத்து ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். சோற்றுப் பருக்கை, சாம்பார்த் தண்டு போன்றவற்றை அன்றே நோண்டி எடுக்காமல், காய்ந்த பிறகு மென்மையான ஓவியத் தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தட்டிவிடலாம். கூம்பு பிளாஸ்டிக் வகையாக இருந்தால், நன்றாகப் பிழிந்த துணியால் இலேசாகத் துடைக்கலாம். காகிதத்தில் எண்ணெய் ஊறிவிட்டதா? விட்டுவிடுங்கள். கறை பார்வைக்குத்தான் அசிங்கம், பாட்டு பாடும். அதைப் போக்குகிறேன் என்று தின்னரையோ ஆல்கஹாலையோ ஊற்றினால் ஓரத்து நுரை வளையமும் பசையும்தான் கெடும். உச்ச ஒலிக்கான சிறிய டுவீட்டரை விரலாலும் தொடாதீர்கள், துணியாலும் தொடாதீர்கள்.

பெட்டி பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே ஒட்டிய தாளின் விளிம்பு வழியாக நீர் இறங்கினால் பலகை உப்பிவிடும், மறுபடி இறங்காது. அழுத்தித் துடைக்கலாம் என்றால் அது இந்த மரப்பகுதியை மட்டுமே, அதுவும் உடனே.

நம் நாட்டு ஈரக் காற்றில் ஒரு முழு நாளாவது காற்றாடி முன் வையுங்கள். முடி உலர்த்தும் கருவி வேண்டாம், கொளுத்தும் வெயிலும் வேண்டாம். கைப்பேசியை அரிசியில் புதைப்பது போல இதையும் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். அரிசித் தூள் உள்ளே போவதுதான் மிச்சம். இனிப்பு கொட்டிய இடத்துக்கு எறும்பு வரத்தான் செய்யும். பெட்டியைச் சுற்றிலும் தரையைத் துடையுங்கள், ஆனால் பூச்சி மருந்தைக் கூம்பின் மேல் அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் கூம்பை அரிக்கக்கூடும்.

கையடக்கப் புளூடூத் வகை வைத்திருப்பவர்கள், 'ஐபிஎக்ஸ்7' என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார்கள். அது ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்ற சோதனை. உப்பும் புளியும் கலந்த ரசத்துக்கு அந்தச் சோதனை நடத்தப்படுவதில்லை. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, சார்ஜ் துளை முழுக்கக் காய்ந்த பிறகே கம்பியைச் செருகுங்கள்.

எல்லாம் உலர்ந்ததும் மிகக் குறைந்த ஒலியில் ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். கரகரவென்று உரசினால் உடனே அடைத்துவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போக வேண்டும். மின்னிணைப்புள்ள பெட்டியின் பின்பலகையை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளேயுள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கலாம். அவரிடம் என்ன கொட்டியது என்று மறைக்காமல் சொல்லுங்கள். வெறும் தண்ணீருக்கும் தே தாரிக்குக்கும் அவர் செய்யும் வேலை வேறு.