பொம்மைக்கு எதுக்கு நிஜத் தண்டவாளம்? ஐஸ் குச்சி போதும் மக்களே!

ஜோலார்பேட்டை ஜங்ஷன். சேலம் லைனும் பெங்களூரு லைனும் பிரியுற இடம். பின்னாடி ஏலகிரி மலை. இந்த ஃப்ரேம்ல ஒரு கொலு பொம்மையை நிறுத்தி க்ளிக் பண்ணினா, லைக்ஸ் அள்ளும்தான். அதுக்காகத் தண்டவாளத்துல மட்டும் இறங்கிடாதீங்க!

ஏன் வேண்டாம்?

போன் ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டு இருக்கும்போது, பின்னாடி வர்ற ரயிலைக் கவனிக்க மாட்டோம். ரயிலாலும் சட்டுனு நிற்க முடியாது. மேலே போற மின்கம்பியில 25,000 வோல்ட். அதைத் தொடாமலே, கிட்டப் போனாலே ஷாக் அடிக்கும். அத்துமீறி நுழைந்தால், ரயில்வே சட்டம் 1989-ன் 147-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டுமே விதிக்கலாம்.

வீட்டிலேயே தண்டவாளம்

நம்ம ஊர் பிராட்கேஜ் தண்டவாளத்தின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம்! அதனால, உங்க பொம்மை 15 செ.மீ உயரம்னா, தண்டவாளத்துக்கும் 15 செ.மீ இடைவெளி விட்டாப் போதும். கறுப்பு அட்டைப் பட்டை ரெண்டு, குறுக்கே ஐஸ் குச்சிகள், நடுவுல மிளகு அளவு கற்கள். செட் ரெடி! ஜப்பான் கலைஞர் தத்சுயா தனகா 2011-லிருந்து தினமும் ஒரு மினியேச்சர் படம் வெளியிடுகிறார். அவருக்கு ப்ரோக்கோலிதான் மரம்.

க்ளிக் ரகசியம்

செட்டை மொட்டை மாடித் தரையில வைங்க. போனைத் தலைகீழாத் திருப்பினா லென்ஸ் தரையை ஒட்டி வரும். பொம்மையின் கண் மட்டத்துல எடுத்தா, தூரத்து மலையும் அதுக்கு ஏத்த அளவுல தெரியும். கைப்பிடிச் சுவர் மலையை மறைச்சா, செட்டை ஒரு ஸ்டூல் மேல ஏத்துங்க. காலை வெயில்தான் பெஸ்ட். நிழல் விழுற பக்கம் ஒரு வெள்ளை பேப்பரைப் பிடிங்க.

இதையும் கவனிங்க

* கைப்பிடிச் சுவர் மேல பொம்மையை வைக்காதீங்க. ஸ்க்ரீனைப் பார்த்தபடி பின்னாடி நடக்காதீங்க.
* ஏலகிரிக்குப் போனா, 14 கொண்டை ஊசி வளைவுகள்ல எங்கேயும் ரோட்டோரம் உட்கார்ந்து எடுக்க வேண்டாம்.
* புதர், கல் இடுக்குல கை விடும் முன்னாடி குச்சியால தட்டிப் பாருங்க. பாம்பு, தேள் இருக்கலாம்.
* மண் பொம்மையும் காகிதக்கூழ் பொம்மையும் ஈரம் தாங்காது. காத்துல சாயாம இருக்க, அடியில டபுள் டேப் ஒட்டுங்க.

படத்துல பொம்மை நிக்கிறது ஐஸ் குச்சி மேலயா, நிஜத் தண்டவாளம் மேலயான்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியாது. நீங்க பத்திரமா வீட்டுல இருக்கீங்கன்னு அம்மாவுக்குத் தெரியும்!