மெய்நிகர் கருவி: ஒரு சொல்லாய்வு

கணிப்பொறித் துறையில் ‘வர்ச்சுவல்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் யாது என்பது ஆராய்தற்குரியது. பொருளின் தொழிலை உணராது ஆக்கப்பெறும் சொல் அப்பொருளை மறைத்துவிடும். ஆதலின், லினக்சு இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலில் அமைந்த ஒரு கருவியின் தொழிலை முதற்கண் விளக்குவாம்.

வலையமைப்பில் செய்திகள் சிறு பொதிகளாகப் பிரிந்து செல்லும். வெளிச்செல்லும் பொதிகளை வரிசையில் நிறுத்தி, அளவறிந்து விடுத்தல் கெர்னலுக்கு எளிது. உள்வருவனவோ இணைப்பைக் கடந்து வந்துவிட்டவை. அவற்றை ஏற்கலாம், அளவு மிகின் கைவிடலாம், காத்திருக்கச் செய்தற்கு வரவுவாயிலில் வரிசை இல்லை.

இவ்விடர்ப்பாட்டைத் திருவண்ணாமலையில் வாழ்வோர் எளிதில் உணர்வர். முழுமதி நாளில் 14 கிலோமீட்டர் மலைவலம் வந்த மக்கள் கோயில் வாயிலில் ஒருங்கே திரள்வர். வாயில் காப்போர் அவர்களை உள்ளே விடலாம். அன்றித் திருப்பி அனுப்பலாம். திரளைத் தடுப்புகள் அமைந்த வரிசைப் பாதைக்குத் திருப்பின், மூன்றாவது வழி ஒன்று பிறக்கின்றது. அப்பாதையின் முடிவில் அளவாக விடுக்கலாம் அன்றோ?

கெர்னல் செய்வதும் இதுவே. 2006 ஆம் ஆண்டில் வெளிவந்த 2.6.16 ஆம் பதிப்பில் ‘ஐஎஃப்பி’ என்னும் கருவி சேர்க்கப்பெற்றது. கம்பியும் மின்சுற்றும் இதற்கு இல்லை. நினைவகத்தில் மட்டுமே உளது. வகுக்கப்பெற்ற விதியின்படி உள்வரும் பொதிகள் இதன்பால் திருப்பப்படுகின்றன. வரவு ஈண்டுச் செலவாக மாறுதலின், செலவுக்குரிய வரிசை முறைகள் யாவும் பொருந்துகின்றன. வரிசை கடந்த பொதிகள் திருப்பப்பட்ட இடத்திற்கே மீள்கின்றன. இடைநிகழ்ந்ததனை மேலடுக்குகள் அறியா. ஒப்புகை தாழ்த்து வருதலின், அனுப்பும் கணிப்பொறியும் தன் விரைவைக் குறைத்துக்கொள்ளும்.

இனிச் சொல்லுக்கு வருவாம். 2001 இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரில் ‘வர்ச்சுவல்’ நின்ற இடத்தில், தமிழ்ப் பெயரில் ‘இணைய’ என்பது நின்றது. இணையவழிக் கற்பித்தலின் ஆண்டு அது பொருந்தும். இக்கருவியோ இணையம் இல்வழியும் இயங்கும். ஆகவே ‘இணையக் கருவி’ என்றல் பொருந்தாது. ‘போலி’ எனின், இக்கால வழக்கில் ஏமாற்றும் பொருளைக் குறிக்கும். ஆயின் இலக்கண நூலார் கூறும் போலி வேறு: ‘அறம்’ ‘அறன்’ ஆயினும் பொருள் திரிவதில்லை. ஓரெழுத்தின் இடத்தில் மற்றோரெழுத்து நின்று அதன் தொழிலைச் செய்கின்றது. இக்கருவியின் இயல்பும் அத்தகையதே. வழக்கு இடந்தராமையின் ‘போலி’யை விடுத்து, ‘மெய்நிகர்’ என்பதனையே யாம் கொள்கின்றோம். ஆயினும் அந்நிகர்மை உருவால் அன்று, தொழிலால் என்பதனை மாணாக்கர் கடைப்பிடித்தல் வேண்டும்.